கார் சாவியும் கண் தூக்கமும்!

‘‘டாக்டர்... வண்டி போயிடுச்சு!’’

என் வைத்தியசாலைக்குள் நுழைந்ததுமே அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். முதுகு வலிக்காக மூன்று வருஷமாக என்னிடம் வருகிறவர். ஜவுளி வியாபாரம். வயசு நாற்பத்தாறு. கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. எங்கேயாவது மோதிவிட்டாரோ என்று பதறிப்போய் அவர் கை கால்களைத்தான் முதலில் பார்த்தேன். அடி எதுவும் இல்லை. காரை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்களாம்.

நடந்ததைக் கேளுங்கள். மதுரையில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் ராத்திரி பந்தல் வேலை, மறுநாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு. இரண்டு ராத்திரியும் சரியான தூக்கம் கிடையாது. கல்யாணம் முடிந்த அன்றே ராத்திரி பத்தரை மணிக்குத் தனியாகச் சென்னைக்குக் கிளம்பியிருக்கிறார். வீட்டம்மாவும் பிள்ளைகளும் பிறகு ரயிலில் வருவதாக ஏற்பாடு. ‘காலையில கடையைத் திறக்கணுமே டாக்டர்!’

சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டும்போதே சிறுநீர் முட்டியிருக்கிறது. அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், அதற்கடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டே உளுந்தூர்பேட்டை வரை வந்துவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல்! மணி மூன்று. ரோட்டோரம் ஒரு டீக்கடை. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று இன்ஜினை அணைக்காமல், கதவை மட்டும் சாத்திவிட்டு ஓட்டமாக ஓடியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் டீக்கடை இருக்கிறது, காரைக் காணோம். செல்போன், பர்ஸ், மாத்திரை டப்பா எல்லாம் காரோடு போச்சு.

‘‘யாரைப் பார்த்தாலும் ‘சாவியை ஏன் விட்டே’ன்னு கேக்கறாங்க டாக்டர். எனக்கே தெரியல. நான் அப்படிப்பட்ட ஆளே கிடையாது’’ என்றார். உண்மைதான். கடைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிற மனுஷர் அவர். நான் கேட்டது வேறு. ‘‘அதுக்கு முன்னால கடைசியா எப்போ தூங்கினீங்க?’’ விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முழுசாகத் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

கார் திருட்டைப் பற்றி எழுத ஒரு சித்த வைத்தியருக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அன்று ராத்திரி இவருக்கு நடந்தது திருட்டு. அதே அரை மணி நேரத்தில் அவர் கண் அசந்து ஒரு லாரியின் பின்னால் போய்ச் செருகியிருக்கவும் முடியும். சாவியை விட வைத்ததும் கண்ணை மூட வைப்பதும் ஒரே களைப்புதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் ‘வேகங்கள்’ என்று பதினான்கைச் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் இதை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லிப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு... இவை உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள். அடக்கினால் நோய் வரும் என்பது விதி.

இப்போது ஒரு ராத்திரி டிரைவரை நினைத்துப் பாருங்கள். தூக்கம், கொட்டாவி, சிறுநீர், பசி, தாகம், இளைப்பு... பதினாலில் ஆறு ஆச்சா? இத்தனையையும் ஒரே சமயத்தில் அடக்கிக்கொண்டு, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் உருட்டுகிறார். மனசு முழுக்க ‘அடக்கு, அடக்கு’ என்பதிலேயே இருக்கும்போது ரோட்டுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? வண்டி நின்றதும் அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு வரும். சாவி அங்கேயே நின்றுவிடும்.

அதனால் நீண்ட பயணத்தில் நான் சொல்லும் முதல் விதி ரொம்பச் சாதாரணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்துங்கள். முட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள். அவசரம் இல்லாமல் இறங்குகிற மனுஷன்தான் இன்ஜினை அணைப்பான், சாவியை எடுப்பான், கதவைப் பூட்டுவான். ‘தண்ணி குடிச்சா அடிக்கடி நிறுத்தணுமே’ என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அது தலைவலியையும் எரிச்சலையும்தான் கொண்டுவரும்.

அந்த நாலு வினாடி

எனக்கே நடந்தது. பத்து வருஷம் இருக்கும். திண்டிவனம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். வடை, பாயசத்தோடு பலமான சாப்பாடு. சாப்பிட்ட கையோடு, இரண்டரை மணி வெயிலில் கிளம்பினேன். மேல்மருவத்தூரைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் என் மனைவி போட்ட கூச்சல்தான்! கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ‘கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?’ என்று அவள் இன்றைக்கும் கேட்பாள். திறந்துதான் இருந்தது. ஆனால் நான் தூங்கிவிட்டேன்.

இதைக் குறுந்தூக்கம் என்கிறார்கள். இரண்டு வினாடியும் இருக்கலாம், பத்து வினாடியும் இருக்கலாம். தூங்கினோம் என்பதே தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. நாலு வினாடி அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரத்துக்கு அதை ஓட்ட ஆளே இல்லை என்று அர்த்தம்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரையும், பகலில் இரண்டிலிருந்து நான்கு மணி வரையும் அது நம்மைப் படுக்கச் சொல்கிறது. என்னைக் கவிழ்க்கப் பார்த்தது பகல் நேரம். ஜவுளிக்கடைக்காரரைக் கவிழ்த்தது விடியற்காலை நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்தைப் போல மந்தமாகிவிடும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 தான்! காலை ஐந்து மணிக்கு எழுந்து நாள் பூராவும் அலைந்தவர் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே குடித்தவர் கணக்குதான்.

ஜன்னலைத் திறந்து விடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது... எல்லாம் சில நிமிஷ வேலை. சுக்குக் காபியும் அப்படித்தான். நானே பலருக்குச் சுக்குக் காபி குடிக்கச் சொல்கிறவன். அது ஜீரணத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு மாற்று கிடையாது. சாதாரணக் காபி கொஞ்சம் உதவும். ஆனால் அது வேலை செய்ய இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதனால் காபியைக் குடித்துவிட்டு, இருபது நிமிஷம் கண்ணை மூடிப் படுத்து எழுந்து, பிறகு ஓட்டுவது நல்ல வழி. இதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் தாங்கும். மூன்று நாள் கடனை இருபது நிமிஷத்தில் அடைக்க முடியாது.

வண்டியில் தூங்குகிறீர்களா?

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நிறுத்திய காரில் தூங்கவே தூங்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு எப்படியாவது உள்ளே வந்துவிட்டால், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கார் ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தால் ஆபத்து பல மடங்கு.

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பாருங்கள். பெட்ரோல் பங்க், டோல்கேட் பக்கத்தில் வண்டிகள் நிற்கும் இடம், பெரிய ஓட்டல். இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, கதவுகளை உள்ளே பூட்டி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். கை நுழையக் கூடாது, காற்று நுழைய வேண்டும். பகல் வெயிலில் இது நடக்காது. வண்டியைப் பூட்டிவிட்டு ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுங்கள்.

மருந்தும் விருந்தும்

சளி, அரிப்புக்குத் தரும் மாத்திரைகளிலும், சில இருமல் மருந்துகளிலும் தூக்கம் வரவழைக்கும் சரக்கு இருக்கிறது. ‘சும்மா ஜலதோஷ மாத்திரைதானே’ என்று போட்டுக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள்.

எங்கள் மருந்துகளையும் விட்டுவைக்கப் போவதில்லை. தூக்கம் வராதவர்களுக்கு அமுக்கரா சூரணமும், பாலில் சாதிக்காயும் தருகிறோம். அவை படுக்கப் போகிறவர்களுக்கு, பயணம் போகிறவர்களுக்கு இல்லை. அரிஷ்டங்களில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. சொன்ன அளவில் குடித்தால் போதை ஏறாது. ஆனால் குடித்த கையோடு போலீஸ்காரர் ஊதச் சொன்னால் வாயில் மிச்சமிருப்பதே கருவியில் காட்டிவிடலாம். பசிக்கும் என்று பாதி பாட்டிலைக் கவிழ்க்கிற ஆட்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் சாவியே தரக் கூடாது.

இன்னொன்று எண்ணெய் முழுக்கு. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையக் கூடாது என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அன்றைக்கு உடம்பு தூக்கத்துக்கு அலையும். தீபாவளியன்று என்ன செய்கிறோம்? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரமும் கறிக்குழம்புமாக ஒரு பிடி பிடித்துவிட்டு, மத்தியானம் மாமியார் வீட்டுக்குக் காரை எடுக்கிறோம்! வீட்டம்மாக்களே, அன்றைக்கு ஒரு நாள் பயணத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கிளம்பும் முன் சாப்பாட்டையாவது பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பட்டினியாக ஓட்டவே கூடாது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, மனக் குழப்பம் வந்தால் ஓரமாக நிறுத்தி உடனே மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிறகு ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும். உடம்பு சரியானாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும். நம் ஜவுளிக்கடைக்காரருக்கும் அன்று அந்தக் குழப்பம் இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பியதாகச் சொன்னார்.

‘ரெண்டு நிமிஷம்தானே!’

திருடனுக்குப் பிடித்த வார்த்தை இது. மருந்துக் கடை வாசலில், ஸ்கூல் வாசலில், பால் பூத் பக்கத்தில் இன்ஜினை ஓடவிட்டு இறங்குகிறோம். சில பேர் பின் சீட்டில் தூங்கும் குழந்தையையும் விட்டுவிட்டு இறங்குகிறார்கள். ‘எழுப்பினா அழும் டாக்டர்’ என்பார்கள். ஏ.சி. ஓடினால் சாவி உள்ளே இருக்கிறது, அதாவது குழந்தையோடு வண்டி போகலாம். ஏ.சி.யை அணைத்துப் பூட்டினால் பத்தே நிமிஷத்தில் உள்ளே சூடு சுமார் பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாகக் குறையாது. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடேறும். அழுதாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்தது கவனத்தைத் திருப்புகிறவர்கள். சிக்னலில் நிற்கும்போது, ‘சார், ஆயில் ஒழுகுது பாருங்க’ என்பான். ‘பின் டயர்ல காத்தே இல்லை’ என்பான். கீழே பத்து ரூபாய் நோட்டுகளைப் போட்டுவிட்டு ‘உங்க பணமா?’ என்று கேட்பான். நீங்கள் இறங்கிக் குனிகிற நேரத்தில் மறுபக்கக் கதவு திறந்து பை போய்விடும், சில சமயம் வண்டியே போய்விடும். தூங்கி எழுந்த தெளிவோடு இருந்தால் இதெல்லாம் பழைய தந்திரம் என்று உங்களுக்கே தெரியும். களைத்திருக்கும்போதுதான் ‘அட, நம்ம பணமா இருக்குமோ’ என்று தோன்றும்! மெதுவாக ஓட்டிப் பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போய்ப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033க்கும், ஆபத்து என்றால் 112க்கும் போன் செய்யுங்கள்.

யாராவது கத்தியைக் காட்டி மறித்தால்? சாவியைக் கொடுத்துவிடுங்கள். வீரம் வேண்டாம். குழந்தைகளை இறக்கிக்கொள்ள மட்டும் அவகாசம் கேளுங்கள்.

சாவி சொருகாமல் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்களில் வேறொரு வம்பு. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை ஒருவன் கருவியால் வாங்கி, கார் பக்கத்தில் நிற்கும் இன்னொருவனுக்குக் கடத்துகிறான். கார் தானாகத் திறந்துகொள்கிறது. அதனால் சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டாதீர்கள். மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டு வையுங்கள். அது போதுமா என்று சோதிப்பது சுலபம். டப்பாவோடு கார் பக்கத்தில் போய் நின்று கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் வேறு டப்பா தேடணும்! இதோடு ஸ்டியரிங்குக்கோ கியருக்கோ ஒரு இரும்புப் பூட்டு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதைப் பார்த்ததும் திருடன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

ஓட்டல்களில் வண்டியை நிறுத்தித் தருகிற பையனிடம் சாவிக்கொத்தோடு கொடுக்காதீர்கள். வீட்டுச் சாவியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். டாஷ்போர்டில் அசல் ஆர்.சி. புத்தகமும் வேண்டாம். அதில் உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறது. இப்போது செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலே செல்லும்.

வண்டி போய்விட்டால்...

உடனே 112, பிறகு பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் புகார், அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு இருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒரு சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் ‘நீங்கள் ஜாக்கிரதையாக இல்லை’ என்று மறுக்கப் பார்ப்பார்கள். மறுத்ததும் விட்டுவிட வேண்டியதில்லை. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய ஒரு லாரி வழக்கில், 75 சதவீதத் தொகையைத் தரச் சொல்லி 2023ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டம்மாக்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கார் நம்பர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், பாலிசி நம்பர், பாஸ்டேக் எந்த செல்போன் நம்பரில் இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். செல்போன் காரோடு போய்விட்டால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். பாஸ்டேக் உள்ள வண்டி டோல்கேட்டைக் கடந்தால் எந்த டோல்கேட் என்று செய்தி வந்துவிடும். அதனால் போலீஸைக் கேட்காமல் பாஸ்டேக்கை நிறுத்திவிடாதீர்கள்.

நம்மவருக்கும் அப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது. அன்று விடியற்காலையே விக்கிரவாண்டி டோல்கேட்டில் பணம் கழிந்திருக்கிறது. ஆனால் அது போன இடம், இரண்டு வருஷம் முன்பே அவர் தூக்கிப்போட்ட பழைய நம்பர்! பேங்க்கில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள மூன்று நாள் ஆகிவிட்டது. கார் இன்னும் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் மறுத்துவிட்டு, இப்போது ஏதோ பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறது.

போன வாரம் மருந்து வாங்க வந்திருந்தார். மைத்துனர் வீட்டு வளைகாப்புக்கு மதுரை போய்விட்டு வந்தாராம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்ததாம். ‘‘செங்கல்பட்டு வந்ததே தெரியல டாக்டர், அப்படித் தூக்கம்!’’ என்றார். முதுகு வலியும் பாதி குறைந்திருந்தது.